அலுமாரிக்கு மேலே கிடக்கும் கப்பல்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். பத்தாம் வகுப்பிற் படிப்பவராம். சென்ற ஆண்டு விடுமுறையில் மரத்தினால் ஒரு பாய்க்கப்பலின் மாதிரியைக் கட்டத் தொடங்கினாராம். அடியிலே ஏரா அமைந்தது. அதன்மேல் வங்குகளும் ஏறின. பக்கப் பலகைகளை ஒட்டும்போதுதான் இடர் நேர்ந்தது. ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் ஒடுங்கியும் போயிற்று. தமையனார் அதனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன, கப்பலா, பலாப்பழமா?" என்று கேட்டாராம். அன்று அலுமாரிக்கு மேலே ஏறிய கப்பல் இன்றுவரை இறங்கவில்லை. "இதனைத் தொடரலாமா, எறிந்துவிடலாமா?" என்பதே அவர் எம்மிடம் கேட்கும் கேள்வி.

எறிய வேண்டாம், தம்பி. இந்தத் துறையிற் கைவைத்தவர் வீடுகளில் எல்லாம் அலுமாரிக்கு மேலோ கட்டிலுக்குக் கீழோ இப்படி ஒரு பாதிக் கப்பல் இருக்கும். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் உமது கப்பல் ஏன் கோணிற்று என்பதை அறிந்துகொள்ளாமல் விடுவதும் சரியன்று.

பெரும்பாலும் காரணம் ஒன்றே. முதலில் இடப்பக்கத்துப் பலகைகள் யாவற்றையும் ஒட்டி முடித்து, அதன் பின்னர் வலப்பக்கத்தைத் தொட்டிருப்பீர். வளைத்து ஒட்டிய ஒவ்வொரு பலகையும் நிமிரவே பார்க்கும். அந்த இழுவை மெல்லிய வங்குகளையும் ஏராவையும் தன்பக்கம் இழுத்துவிடும். ஆகவே இடப்பக்கத்தில் ஒரு பலகை, உடனே அதற்கு நேர் எதிரே வலப்பக்கத்தில் ஒரு பலகை என்று மாறி மாறி ஏற்றிவர வேண்டும். பலகையைச் சுடுநீரில் ஊறவைத்து, ஒரு போத்தலின் மேல் வளைத்துக் கட்டி, அந்த வளைவிலேயே முற்றாகக் காயவிட்டு, அதன் பிறகே பசை பூச வேண்டும். ஈரப் பலகையை ஒட்டினால் அது காயும்போது சுருங்கும். இடுக்குகள் வாயைப் பிளக்கும்.

ஒட்டியாயிற்றே, இனி என்ன செய்வது என்பீர். வெண்ணிற மரப்பசையினால் ஒட்டியிருந்தால் இன்னும் வழியுண்டு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பலகையின் மேற் சுற்றிச் சிறிது நேரம் வைத்திருந்தால் அந்தப் பசை இளகும். பின்னர் மெல்லிய தகடு ஒன்றை உட்செலுத்திப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். நொடியில் ஒட்டும் பசையை உபயோகித்திருந்தால் அவ்வளவு எளிதன்று. அதனாற்றான் பழகும் கைகள் முதலிலே அந்தப் பசையைத் தொடலாகாது என்று சொல்லுகின்றோம். அது பிழையையும் நொடியில் நிலைநாட்டிவிடும்!

தமையனாருக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை ஆறு வாரம் ஓரிடத்தில் இருந்து ஒரு காரியத்தைச் செய்வதைக் காண்பது அரிது. அதனைப் பகடி பண்ணுவதற்குப் பதிலாக, பலகை காயும்வரை ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தால் கப்பலும் முடியும், தம்பியும் முன்னேறுவான்.

அந்த மாணவர் கட்டத் தொடங்கியது எந்தக் கப்பல் தெரியுமா? 'கட்டி சார்க்'. 1869ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தில் நீரில் இறங்கி, சீனத்துத் தேயிலையை இலண்டனுக்கு ஏற்றிச் சென்ற விரைவுக் கப்பல். நல்ல கப்பல்தான், குறை சொல்வதற்கில்லை. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பெட்டிகளிலும் அதுவே இருக்கும். இல்லாவிடில் நெல்சன் பிரபுவின் 'விக்டரி' இருக்கும். எனினும் நாம் கேட்பது இது. கொழும்பிலே ஒரு தமிழ் மாணவர், மூன்று பாய்மரமும் எண்ணிலடங்காக் கயிறுகளும் கொண்ட கட்டி சார்க்கைத் தமது முதற் கப்பலாகத் தெரிந்தெடுக்கும்போது, வல்வெட்டித்துறைக் கப்பல் ஒன்று ஏன் அவர் நினைவிற்கு வரவில்லை? காரணம் எளிது. அதற்குப் பெட்டியும் இல்லை, படவரைவும் இல்லை. யாராவது ஒருவர் கட்டினாலன்றி இனிமேல் அது இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட இரு பாய்மரக் கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. அதன் நீளம் 89 அடி. அகலம் ஏறத்தாழ 19 அடி. வேம்பும் இலுப்பையுமே அதற்கு மரம். காகிதத்தில் வரைபடம் வரைந்து கட்டுவது அந்தத் துறையின் வழக்கமன்று. மேத்திரிமாரின் கண்ணும் கயிறும் கைக்கணக்குமே அளவுகோல். அவ்வூர்க் கப்பல்கள் பாக்குநீரிணையைக் கடந்து இந்தியாவிற்கும், வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மாவிற்கும் போய் வந்தவை.

அந்தக் கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். அவர் பெயர் வில்லியம் அல்பேட் றொபின்சன். 1928இற்கும் 1931இற்கும் இடையில், 32 அடி நீளமே உள்ள 'ஸ்வாப்' என்னும் சிறு கலத்தில் உலகைச் சுற்றி வந்தவர். கப்பல் என்றால் என்ன என்பதை அறிந்தவர் என்று சொல்ல இதற்குமேல் வேறு சான்று வேண்டியதில்லை. அத்தகையவர் ஒரு கப்பலை விரும்பித் தேடி வாங்கியது எமது கடற்கரையில். தம் மனைவியாரின் பெயரால் அதற்கு 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். 1937இல் அது வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்டது. தண்டயல் தம்பிப்பிள்ளையின் தலைமையில் அவ்வூர் மாலுமிகளே அதனைச் செலுத்தினர். அரபிக் கடல், செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அப்பால் அத்திலாந்திக் சமுத்திரம். 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளஸ்டர் துறைமுகத்தில் அது நங்கூரமிட்டது.

குளஸ்டர் என்பது மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்குப் பெயர்போன ஊர். அங்கே கப்பல் பார்த்துப் பழகிய கண்கள் நிறைந்த துறைமுகத்தில், வேப்பமரத்துக் கப்பல் ஒன்று வேட்டி கட்டிய மாலுமிகளோடு போய் நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதனைப் பெருமை பேசுவதற்காக மட்டும் நாம் எடுத்துச் சொல்லவில்லை. நீராவியும் புகையிரதமும் லொறியும் வந்தன; பாய்க்கப்பலின் வேலை குறைந்தது; கட்டுவோரின் தொழிலும் நின்றது. ஏடுகளில் எழுதாத கலை, கை ஓய்ந்ததும் மறைந்துவிடும். தமிழில் கப்பலைப் பற்றி எழுதினவர்களே இல்லையென்று எண்ண வேண்டாம். 'கப்பல் சாத்திரம்' என்றொரு பழஞ்சுவடி உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வரிசையில் 1950இல் அது அச்சேறிற்று. ஆனால் வல்வெட்டித்துறை மேத்திரிமாரின் கைக்கணக்கு அதிற் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாகாது.

மாதிரிக் கப்பல் விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் தொடந்துவைக்குப் போய்வரட்டும். காலிக்குப் போகும் வழியில் உள்ள கடலோர ஊர் அது. ஒருகாலத்தில் சிங்கள மக்கள் 'யாத்ரா' என்னும் பெருந்தோணியில் வாணிகம் செய்தார்கள். தென்னங்கயிற்றினாற் பலகைகளைத் தைத்துக் கட்டிய கலம். ஒரு பக்கத்தில் மிதவை மரமும் உண்டு. இவ்வகையிற் கடைசித் தோணி 1930ஆம் ஆண்டளவில் மாலைதீவுக் கடலில் உடைந்து போயிற்று என்பர். அதன் பின்னர் அந்த வகையே உலகில் இல்லை. ஆயினும் அதன் உருவத்தை இன்றும் நாம் அறிவோம். எப்படி? தொடந்துவைக் குமாரகந்த விகாரையில் அதன் மாதிரி ஒன்று இருந்தது. ஆய்வாளர்கள் வந்து அதனை அங்குலம் அங்குலமாக அளந்து, பெரிய தோணியின் வரைபடத்தை அதிலிருந்தே வரைந்தெடுத்தார்கள். அந்த மாதிரியைச் செய்தவர், பின்னாளில் அறிஞர்கள் அளவுநாடாவோடு வருவார்கள் என்றா எண்ணியிருப்பார்? தாம் அறிந்த தோணியை ஒழுங்காகச் செய்தார், அவ்வளவே.

எகிப்து நாட்டிலும் இதுவே நடந்தது. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெக்கெற்றே என்னும் பிரபுவின் சமாதியிலிருந்து 1920இல் ஒரு தொகுதி மரப் படகுகளை வெளியே எடுத்தார்கள். துடுப்புப் பிடிப்பவர், சமையற்காரர் எல்லாரும் அவற்றில் உளர். நைல் நதியில் அக்காலத்துப் படகு எப்படி ஓடிற்று என்பதற்கு அந்தப் பொம்மைகளே சாட்சி.

ஆதலால் கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு எமது யோசனை இது. கட்டி சார்க் கொஞ்சக் காலம் அலுமாரிக்கு மேலேயே உறங்கட்டும். அதற்குக் கீழே மேசையில் ஓர் அன்னபூரணி தொடங்கட்டும். இரண்டாவது கப்பலில் கை பழகிய பின்னர், முதலாவதைத் திருத்துவது ஒரு பொருட்டாகவே தோன்றாது.

அதனைக் கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறோம். பலகை பலகையாக ஒட்டும் முறையை முதலில் மறந்துவிடும். அடுக்கு முறையே ஆரம்பத்திற்கு உகந்தது. கப்பலின் உடலை நீர்மட்டத்திற்கு இணையாகப் பல தட்டுகளாக வெட்டினால் எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு தட்டின் உருவையும் மட்டையில் வரைந்து, மரத்தில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால், படிக்கட்டுப் போல் ஓர் உடல் கிடைக்கும். படிகளின் விளிம்புகளைச் சீவி, மண்கடதாசியால் தேய்த்தால் கப்பலின் வளைவு தானாக வெளிப்படும். வேடிக்கை என்னவென்றால், குளஸ்டரை அடுத்த நியூ இங்கிலாந்துக் கரையோரத்துக் கட்டுநர்கள் 19ஆம் நூற்றாண்டில் பெரிய கப்பலைக் கட்டுவதற்கு முன்னரே இவ்வாறு அடுக்குப் பலகையால் பாதியுடல் ஒன்றைச் செதுக்கிக்கொள்வார்களாம். பின்னர் அடுக்குகளைப் பிரித்து, அளவெடுத்து, பெரிதாக்கிக் கட்டுவார்கள். நாம் செய்வது அதன் மறுபக்கம்.

ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு தட்டையும் இடம் வலம் என்று இரு பாதிகளாக வெட்டி, நடுவில் ஒரு காகிதத்தை வைத்து ஒட்டும். அந்தக் காகிதக் கோடு, செதுக்கச் செதுக்க மறையாமல் நடுக்கோடாக நிற்கும். இருபுறமும் சமமா என்பதைக் கண் தானே சொல்லும். பலாப்பழம் விளையாது.

அளவு எப்படி? கால் அங்குலத்திற்கு ஓர் அடி, அதாவது 48இல் ஒரு பங்கு என்பது பழைய வழக்கம். ஆங்கிலக் கடற்படையார் 17ஆம் நூற்றாண்டிலேயே அந்த அளவில் மாதிரிகளைச் செய்திருக்கின்றார்கள். அவ்வளவில் அன்னபூரணியின் உடல் 22¼ அங்குல நீளமும் 4¾ அங்குல அகலமும் வரும். வெள்ளவத்தை மாடி வீடுகளில் அதற்கு இடமில்லை என்பவர்கள் பாதி அளவை எடுத்துக்கொள்ளலாம்; 11 அங்குலத்திற்குச் சற்று மேலே வரும். எந்த அளவாயினும் முதலில் ஒரு மனிதனை மட்டையில் வெட்டி மேசைமேல் நிறுத்துங்கள். 48இல் ஒன்றானால் ஐந்தரை அடி மனிதன் 1⅜ அங்குலம். கதவு, ஏணி, சுக்கான் கைபிடி என்று எதைச் செய்தாலும் அவனை அருகில் நிறுத்திப் பாருங்கள். அவன் கைக்கு எட்டாத சுக்கானைச் செய்தவர் பலர்.

உடலின் வரைவு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி வரும். நீளமும் அகலமும் தெரியும். அச்சில் வந்த நிழற்படங்களும் சில உண்டு. படத்தில் கப்பலின் நீளம் எத்தனை அங்குலம் என்று அளந்தால், பாய்மரத்தின் உயரத்தையும் அதே விகிதத்திற் கணித்துக்கொள்ளலாம். பக்கவாட்டிற் பிடித்த படமாயின் கணக்குச் சரிவரும். கோணலாகப் பிடித்த படத்தை நம்பக்கூடாது. எஞ்சியதற்கு மனிதரிடம் போக வேண்டும். வடமராட்சியில் இருந்து கொழும்புக்கு வந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குறைவில்லை. "உங்கள் அப்பு கப்பலில் போனவரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அணியம் எப்படி எழும்பியிருக்கும், அமரத்தின் வடிவம் என்ன, அடுப்பு எங்கே இருந்தது, கலபத்து அடிப்பதற்கு என்ன சேர்த்தார்கள் என்று அவர்கள் கேட்டறிந்ததைச் சொல்வார்கள். சொல்லுவதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்; சொன்னவர் பெயரையும் நாளையும் மறவாமற் குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாய்ச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கப்பலோடு அந்தக் கொப்பியும் சேர்ந்தாற்றான் வேலை முழுமை பெறும். கொப்பி இல்லாத கப்பல், விலாசம் இல்லாத கடிதம்.

மரத்திற்குப் பெரும் பணம் வேண்டாம். மருதானைப் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் விழும் துண்டுகளே போதும். சிங்களத்தில் 'லுணுமிதெல்ல' என்று வழங்கும் மலைவேம்பு இலேசானது, மிருதுவானது, உளிக்கு இசையும். தெப்பங்களுக்கு அந்த மரத்தையே எடுக்கிறார்கள். உடலுக்கு அதுவே நல்லது. பாய்மரத்திற்கு நேரான வரி உள்ள மரமாக எடுக்க வேண்டும். வரி குறுக்கே ஓடினால் கயிறு இழுக்கும்போது வளையும். ஐஸ்பழக் குச்சிகளைச் சேர்த்து வைத்தால் மேற்தளப் பலகைக்கு உதவும். மூங்கிலைப் பிளந்து, இரும்புத் தகட்டில் வரவரச் சிறுத்த துளைகளிட்டு, அவற்றினூடே இழுத்தெடுத்தால் ஊசி போன்ற மர ஆணிகள் கிடைக்கும். தேய்ந்த இரும்புவாள் அலகுகள் பஞ்சிகாவத்தையில் மலிவாய்க் கிடைக்கின்றன. அவற்றைக் கல்லிலே தீட்டினால் நல்ல செதுக்குக் கத்திகளாகும். கத்தியை எப்போதும் கையிலிருந்து அப்பால் தள்ளும் திசையிலேயே ஓட்ட வேண்டும். சிறுவர் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம்.

வர்ணம் பூசுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மெல்லியதாக இரண்டு தரம் பூசுங்கள். தடிப்பாக ஒருதரம் பூசாதீர்கள்.

கயிறுதான் பெரும்பாலான மாதிரிகளைக் கெடுக்கின்றது. ஓரங்குலத் தடிப்புள்ள மெய்க்கயிறு, 48இல் ஒன்றாகச் சிறுத்தால் அரை மில்லிமீற்றர். பொதி கட்டும் நூலைக் கட்டிவைத்தால், மாலுமிகள் மரக்குற்றியை முறுக்கிக் கட்டினாற்போல் இருக்கும். தையல் நூலே போதும். அதனைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தெடுங்கள். பஞ்சு அடங்கும், தூசி பிடியாது, முடிச்சும் நழுவாது. மெழுகு பூசாத நூல் கொழும்புக் காற்றின் ஈரத்திற்கு ஒருநாள் இறுகும், மறுநாள் தளரும்.

வெள்ளவத்தையிலிருந்து இன்னொரு நேயர், தாம் செய்த கப்பலைத் தண்ணீரில் விட்டதாகவும், பாய் ஏற்றிய மறுகணமே அது கவிழ்ந்ததாகவும் எழுதுகிறார். "அளவு யாவும் சரி, கப்பல் மட்டும் சரியில்லை" என்று கவலைப்படுகிறார். அளவு சரியாய் இருந்ததே காரணம்! மாணவர்கள் இதனைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். கப்பலை 48இல் ஒன்றாகச் சிறுக்கலாம். காற்றைச் சிறுக்க முடியாது. பாயின் பரப்பு 48×48 மடங்கு குறையும். காற்று அடிக்கும் உயரம் 48 மடங்கு குறையும். ஆகவே சாய்க்கும் வலு 1,10,592 மடங்கு குறைகிறது. ஆனால் கப்பலை நிமிர்த்தும் வலு எடையையும் பக்கவாட்டுத் தூரத்தையும் சார்ந்தது. எடை 48×48×48 மடங்கும், தூரம் மேலும் 48 மடங்கும் குறைவதால், நிமிர்த்தும் வலு 53 இலட்சம் மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. சாய்ப்பவன் ஓரளவு இளைத்தான். நிமிர்த்துபவன் எலும்பாய்ப் போனான். எனவே ஓடவிடும் மாதிரிக்கு ஏராவின் கீழே ஈயத்தைத் தொங்கவிட வேண்டும்; எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறதோ அவ்வளவு நன்மை. காட்சிக்கு வைக்கும்போது கழற்றிக்கொள்ளத் தக்கதாய் இரண்டு திருகாணியில் அதனைப் பொருத்தலாம். ஈயத்தைத் தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். உருக்கி வார்க்க முயல வேண்டாம். மீன்பிடி வலைக்கு விற்கும் ஈயக் குண்டுகளே போதுமானவை.

காலி நகருக்குப் போகும் குடும்பங்கள், கோட்டையிலுள்ள தேசிய கடல்சார் நூதனசாலையைப் பார்க்காமல் வர வேண்டாம். பழைய ஒல்லாந்தப் பண்டகசாலையில் 1992இல் அமைந்தது அது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிற் சேதமுற்று, 2010இல் மீளத் திறக்கப்பட்டது. சின்னப் படகு ஒன்றைப் பார்க்கும்போது அதன் பக்கத்தில் முழங்காலை மடித்து, கண்ணை அதன் தளமட்டத்திற்கு இறக்கிப் பாருங்கள். மேலிருந்து பார்ப்பதற்கும் அதற்கும் உள்ள வேற்றுமை விளங்கும். உங்கள் கப்பலையும் வாரத்திற்கு ஒருமுறை அவ்வாறு பார்த்தால் எங்கே தவறுகிறது என்பது தெரியவரும்.

இறுதியாக, மட்டக்குளியைச் சேர்ந்த சகோதரி ஒருவர் தம் மகனின் கப்பலுக்குப் பாய் தைக்கும் பொறுப்புத் தம்மிடம் வந்திருப்பதாக எழுதியிருக்கின்றார். புதுத்துணி வேண்டாம், அம்மா. பல தரம் தோய்த்த பழைய பருத்திக் கைக்குட்டை அல்லது வேட்டித் துண்டே உகந்தது. புதுத்துணியின் கஞ்சி பாயை மட்டை போல் நிற்கச் செய்யும். பால் சேர்க்காத தேநீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்தால் வெயிலிலும் உப்புக் காற்றிலும் அடிபட்ட பழம்பாயின் நிறம் வரும். பெரிய பாய்கள் பல கீலங்களை இணைத்துத் தைத்தவை. ஆகவே வெட்டுமுன் பென்சிலால் மெல்லிய கோடுகளை, 48இல் ஒன்றானால் அரை அங்குலத்திற்கு ஒன்றாக, மேலிருந்து கீழாக இழுத்துக்கொள்ளுங்கள். விளிம்பை மடித்துத் தைக்கும்போது உள்ளே ஒரு நூலை வைத்துத் தைத்தால் பாய் தொய்யாது. ஈரமாய் இருக்கும்போதே பருமலிற் கட்டி, பின்னால் ஒரு பழைய டென்னிஸ் பந்தை வைத்து அழுத்திக் காயவிட்டால், காற்று நிறைந்த பாய்போல் அது புடைத்து நிற்கும்.